நல்ல விரலுக்குக் கட்டு

அந்தச் சத்தம் தனக்கு மட்டும்தான் கேட்டது என்று மகிதானி முதலில் நம்பினான். காலைப் பயிற்சியில் எட்டாவது தடவையாக ஒருவனைத் தள்ளிக்கொண்டு போகும்போது, கோதாவின் விளிம்பில் பதித்திருக்கும் வைக்கோல் புரியில் வலது கால் கட்டைவிரல் மாட்டியது. உடம்பு முன்னால் போயிற்று, குதிகால் மேலே எழும்பியது, விரல் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பச்சைக் குச்சியை ஒடித்தது போல உள்ளே ஒரு 'சடக்'. அவன் எழுந்தான், தொடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான், "இன்னொரு தடவை வா" என்று எதிரில் நின்றவனைக் கூப்பிட்டான். நூற்று நாற்பது கிலோ ஆள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அதன்பிறகுதான் யார் யார் பார்த்தார்கள் என்று சுற்றும் முற்றும் நோட்டம் விட்டான்.

சுமோக் கூடத்தில் பிழைப்பவனுக்கு வலிகூட இரண்டாம்பட்சம்தான். யாருக்குத் தெரிந்தது என்பதுதான் முதல் கவலை. இலையுதிர்காலப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. எந்த மல்லனுக்கு எங்கே நோவு என்று மல்லர் கூடங்கள் நிறைந்த ரியோகோகு வட்டாரமே மூக்கை விடைத்துக்கொண்டு திரியும் நாட்கள் அவை. அதிலும் கட்டைவிரல்! சுமோவில் பாதத்தைத் தூக்கி வைப்பது கிடையாது, தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். களிமண்ணைக் கவ்விப் பிடிப்பது அந்த ஒரு விரல். அது போனால் மீதி நூற்று நாற்பது கிலோவும் வெறும் மூட்டை.

மகிதானிக்கு அந்தப் போட்டியில் ஏழு ஆட்டம். நான்கு ஜெயித்தால் ஜூர்யோ. அந்தப் படியில் கால் வைத்தவனுக்குச் சம்பளம் உண்டு, தனி அறை உண்டு, பட்டுக் கச்சை உண்டு, துணி மடிக்க ஒரு ஆள் உண்டு. அதற்குக் கீழே எத்தனை வருடம் உருண்டு புரண்டாலும் சோறும் பொதுக்கூடத்தில் ஒரு பாயும்தான். கல்யாணமும் மேல் படிக்காரனுக்குத்தான் என்பது கூடத்து வழக்கம். சயோரி நான்கு வருடமாகக் காத்திருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை, மற்றவர்களின் பார்வையை அளந்து சொல்கிறவள். இவன் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள் என்று அவள் அக்கா சொல்வாளாம். இப்போது அந்தக் கடைக்காரர்கள் அவளைத் தொலைவில் செந்தாய் நகரத்தில் இருக்கும் கிளைக்கு மாற்றப் பார்த்தார்கள். "மாசக் கடைசிக்குள்ள போறேனா இல்லையான்னு சொல்லணும். நீ மேல் படிக்குப் போயிட்டா நான் போகல. போகலைன்னா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

மதியம் சாங்கோக் குழம்பும் சோறுமாக மூக்குமுட்டத் தின்றுவிட்டுக் கூடமே மல்லாந்து தூங்கும் நேரத்தில், இனோசே அவன் போர்வையை விலக்கினான். ஒரே மாதத்தில் இருவரும் கூடத்தில் சேர்ந்தவர்கள். ஒன்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்துப் பாய்.

"என்னடா இது, கத்தரிக்காயா?"

விரல் அடிப்பக்கம் முழுக்க ஊதா. மகிதானி காலை இழுத்துக்கொண்டான்.

"சத்தம் போடாதே. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்குத்தான் குளியலறைக்குச் சுவரைப் பிடிச்சிக்கிட்டுப் போனியா? எந்திரி. குவபதா அம்மாகிட்ட போவோம்."

"வாத்தியாருக்குத் தெரிஞ்சா?"

"அவர்கிட்ட தலைவலின்னு போனாலும் மருந்து ஒண்ணுதான், முந்நூறு தடவை காலைத் தூக்கி மிதின்னுவாரு. அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? பல்வலின்னு சொல்லிட்டு வா."

குவபதா அம்மாள் சுமிதா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டு வைத்தியர். முப்பது வருடமாக மல்லர்களின் காலையும் கையையும் பார்த்துப் பார்த்து அவர்கள் மீது மரியாதை முழுக்க வற்றிப்போனவர். விரலைக் கீழே வளைத்தார், மகிதானி சும்மா இருந்தான். மேலே வளைத்தார், மேசை விளிம்பைப் பிடித்தான்.

"மேல வளைச்சாத்தான் உயிர் போகுதா? அப்ப அதேதான். தம்பி, இந்த மூட்டுக்கு அடியில பட்டை மாதிரி தசைநார் இருக்கு. விரல் அளவுக்கு மேல பின்னால மடங்காம பிடிச்சு வைக்கிறது அதுதான். சும்மா இழுபட்டிருந்தா நாலஞ்சு நாள்ல நடந்துடுவே. முழுசா அத்துப்போயிருந்தா கத்திதான். உன்னுது நடுவுல. பாதி கிழிஞ்சிருக்கு."

"எத்தனை நாளும்மா?"

"மூணு வாரம் அந்த விரலை ஊணாம இருக்கணும்."

"ஒன்பது நாள்ல போட்டி."

"அப்ப எதுக்கு என்கிட்ட கேட்டே? நீயே ஒரு கணக்கு வச்சிருக்கேல்ல." ஐஸ் பையை எடுத்து அவன் கால்மேல் ஏறக்குறைய எறிந்தார். "ஒரு நாளைக்கு நாலு வேளை இது. படுக்கறப்ப காலை உசரத்துல வை. விரல் மேல மடங்காம அடியிலேருந்து இழுத்துப் பட்டி போடணும், சொல்லித் தரேன். அடி கெட்டியா இருக்கிற ஷூ போட்டுக்கோ, நடக்கறப்ப விரல் மடங்காது."

இனோசே களுக்கென்று சிரித்துவிட்டான். மல்லன் வெளியே போனால் மெல்லிய கிமோனோவும் வார்ச்செருப்பும்தான், ஷூ போட்டால் வாத்தியார் அந்த ஷூவாலேயே அடிப்பார். அந்தச் செருப்பின் வார் நுழைவதோ சரியாக அந்தக் கட்டைவிரல் இடுக்கில்.

"சிரி, சிரி," என்றார் அம்மாள். "கவனிக்காம விட்டா மூட்டு இறுகிப் போயிடும். இவன் நாப்பது வயசுல ரயில் நிலையத்துப் படி ஏற முடியாம நிக்கும்போது நீதான் வந்து தூக்கிட்டுப் போகணும்."

திரும்பும்போது பாலத்தின் நடுவில் இனோசே நின்றான். தன் இடது கையை நீட்டிக் காட்டினான். முழங்கை நேராகவில்லை, முக்கால்வாசியில் நின்றுவிட்டது.

"வசந்தகாலப் போட்டியிலேருந்து இப்படித்தான். யாருக்கும் தெரியாது. உன் ரகசியம் ஒண்ணு என்கிட்ட, என்னுது ஒண்ணு உன்கிட்ட. கணக்கு சரியாப் போச்சு."

மகிதானிக்கு அந்த நிமிடம் கண் கலங்கியது உண்மை. அதைச் சொல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும்.

கட்டு யோசனை மகிதானியின் சொந்தச் சரக்கு. நல்லதாக இருக்கும் இடது கட்டைவிரலுக்கு வெள்ளைப் பட்டியைச் சுற்றிச் சுற்றி முள்ளங்கி கனத்துக்குக் கட்டினான். வலது விரலுக்குத் தோல் நிறத்தில் ஒரு மெல்லிய பட்டி, அடிப்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாமல். பார்க்கிறவன் இடது கால்தான் கெட்டது என்று நினைப்பான், இடப்பக்கமாகவே தாக்குவான், இவன் தாங்கிக்கொள்வான். வாத்தியாரிடமும் இடது விரல் லேசாகப் பிசகியது என்று சொல்லி வைத்தான். அவர் "ம்" என்றார். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவனுக்கே புல்லரித்தது.

முதல் ஆட்டம் நாகத்சுகா என்பவனோடு. முரட்டு ஆள், நேராக வந்து மோதுவான் என்று பேர். கோதாவில் ஏறினார்கள், ஒருவரையொருவர் பார்த்துக் குந்தினார்கள், எழுந்து கையை ஊன்றினார்கள். நாகத்சுகா மோதினான், ஆனால் நேராக இல்லை. கச்சையைப் பிடித்து வலப்பக்கமாக இழுத்தான். இன்னும் வலப்பக்கமாக. மகிதானியின் பாரம் முழுவதும் வலது விரலில் இறங்க, கண்ணுக்குள் வெளிச்சம் தெறித்தது. அடுத்த நொடி அவன் முன்வரிசை மெத்தைமேல் கிடந்தான்.

தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். இரண்டாவது ஆட்டத்தில் எதிராளி வேறு. அவனும் வலப்பக்கமாகவே இழுத்து வீழ்த்தினான். அன்று மகிதானி அரங்கத்தின் கிழக்கு வாசல் பக்கம் குளிர்ந்த தேநீரை வைத்துக்கொண்டு யோசித்தான். வலது விரல் விஷயம் தெரிந்தவர் யார்? நான். குவபதா அம்மாள். இனோசே. அம்மாள் வாயைத் திறந்தால் திட்டுவதற்குத்தான் திறப்பார், புறம் பேச நேரம் கிடையாது. மிச்சம் யார்?

நினைக்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் ஒருமுறை நினைத்த பிறகு, எல்லாமே அதற்குத் தோதாக வந்து உட்கார்ந்தன. இனோசே தரவரிசையில் அவனுக்கு மூன்று இடம் கீழே. ஜூர்யோவில் இந்தமுறை காலியாகும் இடம் ஒன்றோ இரண்டோதான். இவன் தோற்றால் இனோசேக்கு வழி அகலம். அதைவிட, ஒரே கூடத்து ஆட்கள் போட்டியில் மோத மாட்டார்கள். நேராகத் தள்ளிவிட முடியாதவன் சுற்றி வளைத்துத்தானே தள்ள வேண்டும்?

அதன்பிறகு இனோசே எது செய்தாலும் அதற்கு ஒரு வால் முளைத்தது. வேளை தவறாமல் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தான். வீக்கம் எவ்வளவு என்று பார்க்கத்தானே? "வலிக்குதாடா?" என்று காலையும் மாலையும் கேட்டான். ஒருவனுக்கு இன்னொருவன் விரலைப் பற்றி இவ்வளவு அக்கறை எதற்கு? சாங்கோவில் தன் பங்குக் கோழிக் கறியை இவன் கிண்ணத்தில் தள்ளினான். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன? ஒருநாள் அரங்கத்தின் பின்புறம், பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்த வேறு கூடத்து ஆள் ஒருவனோடு இனோசே சிரித்துப் பேசுவதைப் பார்த்தான். மகிதானியைக் கண்டதும் இனோசே கையை ஆட்டினான். ஒளிக்காமல் கையாட்டியது இன்னும் சந்தேகமாக இருந்தது. ஒளித்திருந்தால் அதுவும் சந்தேகம்தான். சந்தேகம் பிடித்தவனுக்கு எதிராளி மூச்சு விட்டாலும் குற்றம், விடாவிட்டாலும் குற்றம்.

மூன்றாவது ஆட்டத்தில் எதிராளி தானே வழுக்கி விழுந்து இவனுக்கு ஒரு வெற்றியைத் தானம் செய்தான். நான்காவதில் மறுபடி வலப்பக்க இழுப்பு, மறுபடி தோல்வி. ஒரு வெற்றி, மூன்று தோல்வி. இனி மூன்றும் ஜெயித்தாக வேண்டும். இனோசேயோ நான்குக்கு நான்கு ஜெயித்து நின்றான்.

சயோரி அன்று கைப்பேசியில் கேட்டாள்: "யார் மேலயோ கோபமா இருக்கே போல?"

"கூட இருந்தே குழி பறிக்கிறான் ஒருத்தன்."

"யாரு?"

"தெரியும்போது சொல்றேன்."

"தெரியாமயே கோபப்படறியா? அதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்கயேன்." 

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் காலை தோகோனாமி வந்தான். மல்லர்களுக்கு எண்ணெய் தடவிக் குடுமி கட்டுகிறவன். காலையில் இந்தக் கூடம், பத்து மணிக்கு மேல் ஆற்றோரத்தில் இன்னொரு கூடம். நல்ல மனிதன்தான், கை சுத்தம். வாய்தான் ஓட்டை. இங்கே காதில் விழுந்ததை அங்கே இறக்கி வைக்காவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது. இனோசேயின் அடுத்த எதிராளி அந்த ஆற்றோரக் கூடத்து ஆள். இது மகிதானிக்கு நன்றாகத் தெரியும்.

சீப்பு தலையில் இழுபட, மகிதானி கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப வருத்தமாகச் சொன்னான்:

"இனோசேயை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

"ஏன்? நாலுக்கு நாலாச்சே!"

"அந்த இடது முழங்கை தாங்கணுமே. நீட்டவே முடியல அவனால. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சே சே, நான் ஏன் சொல்றேன்," என்றான் தோகோனாமி. சீப்பு ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. பத்து மணிக்கு எண்ணெய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாகக் கிளம்பினான்.

ஒன்பதாம் நாள் மகிதானிக்கு எதிராளி முப்பத்தாறு வயசுக்காரர், இரண்டு முட்டியும் தேய்ந்தவர். அவரைத் தள்ளிவிட்டு இரண்டாவது வெற்றியோடு கீழே இறங்கியவன், வாசல் ஓரமாக நின்று இனோசேயின் ஆட்டத்தைப் பார்த்தான். ஆற்றோரக் கூடத்து ஆள் மோதிய கையோடு வேறெதையும் தொடவில்லை. நேராக இனோசேயின் இடது கையைத் தன் கக்கத்தில் இடுக்கினான், முழங்கைக்கு மேலே பூட்டுப் போட்டு முறுக்கினான். இனோசே கத்தவில்லை. வாயை மட்டும் திறந்தான். விழுந்தபோது கை உடம்போடு சேர்ந்து விழாமல் தனியாக வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது.

'இப்போ தெரிஞ்சுதா' என்று மகிதானியின் மனதில் ஒரு சொல் ஓடியது. ஓடிய வேகத்திலேயே கோதாவைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெரிய சக்கர நாற்காலியில் இனோசேயைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் இவனைப் பார்த்து இனோசே சொன்னான்: "ஐஸ் வச்சிக்கோ. இன்னைக்கு நான் எடுத்து வைக்கல."

மறுநாள் மகிதானி குவபதா அம்மாளிடம் போனான். காத்திருக்கும் பெஞ்சில் நாகத்சுகா முட்டியில் மின்சாரப் பட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவர்களுக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது, இனி இந்தப் போட்டியில் மோத வேண்டியதில்லை, பேசலாம்.

"வலது விரல் எப்படி இருக்கு?" என்றான் நாகத்சுகா சர்வசாதாரணமாக.

மகிதானி நிமிர்ந்தான். "உனக்கு யார் சொன்னா?"

"எதை?"

"வலதுன்னு."

நாகத்சுகா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு பெஞ்சு ஆடும்படி சிரித்தான்.

"நீதான்டா சொன்னே! ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் குதிகாலைத் தூக்கி விரல்மேல குந்தறோமே, அப்ப பாத்தேன். கட்டுப் போட்ட விரல் அழகா மடங்கி உக்காந்திருக்கு. கட்டுப் போடாத விரல் மடங்க மாட்டேன்னு நடுங்குது. பாரம் முழுக்க இடது பக்கம். புண்ணு இருக்கிற காலு மேலயா ஒருத்தன் நூத்தி நாப்பது கிலோவை எறக்கி வைப்பான்? கட்டே போடாம வந்திருந்தா, இவன் குந்தற லட்சணமே இதுதான்னு விட்டிருப்பேன். இத்தாம்பெரிய கட்டைப் போட்டுக்கிட்டு வந்து, 'இது பொய், மத்தது மெய்'னு பலகை மாட்டிட்டே. உடை மாத்துற இடத்துல மொத நாள்லேருந்து இதான் பேச்சு."

"யாரும் சொல்லலையா? எங்க கூடத்துலேருந்து?"

"இதைச் சொல்றதுக்கு ஆள் வேற வேணுமா?" நாகத்சுகா சிரிப்பை நிறுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்ணு. உங்க இனோசே முழங்கை விஷயம், அது சொல்லித்தான் வந்தது. ஆத்தோரத்துக்காரன் முந்தாநாளே எங்ககிட்ட பீத்திக்கிட்டான், உங்க கூடத்து ஆளே சொன்னதுன்னு. உங்க வீட்டுக்குள்ள ஒரு எலி இருக்குப்பா. ஜாக்கிரதையா இரு."

உள்ளேயிருந்து அம்மாள் மகிதானியைக் கூப்பிட்டார். நொண்டிக்கொண்டு உள்ளே போனவனின் விரலைப் பிடித்து மேலே மடக்கினார். "பரவாயில்லையே, வீக்கம் வத்தியிருக்கே. ஐஸெல்லாம் ஒழுங்கா வச்சிருக்கே போல," என்றார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஆறாவது ஆட்டத்துக்கு இடது கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போனான். குந்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இரு விரலிலும் சமமாகப் பாரத்தை வைத்தான். விரல் மடங்கியது, வலித்தது, ஆனால் மடங்கியது. எதிராளி எந்தப் பக்கம் போவது என்று தடுமாறிய அரை நொடியில் இவன் அவனை வெளியே தள்ளிவிட்டான். மூன்று வெற்றி, மூன்று தோல்வி.

கடைசி ஆட்டம் பதின்மூன்றாம் நாள். அன்று காலை இனோசே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தான். இடது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டு. போட்டி முடிந்த மறுவாரம் அறுவை, அதன்பின் ஒரு வருடம் கோதாவே கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வருடம் ஏறாமல் இருந்தால் தரவரிசையில் அடிமட்டம் வரை சறுக்கிவிட வேண்டியதுதான். வந்த உடனே பட்டிச் சுருளை எடுத்துக்கொண்டு மகிதானியின் எதிரில் உட்கார்ந்தான்.

"காலை நீட்டு."

"நானே போட்டுக்கறேன்."

"நீ போட்ட அழகைத்தான் ஊரே பாத்து சிரிச்சுதாமே. நீட்டுடா."

ஒரு கையால் பட்டியைப் பிடித்து, பல்லால் கிழித்து, விரலின் அடிப்பக்கமாக இழுத்து ஒட்டினான். குவபதா அம்மாள் சொல்லிக்கொடுத்ததை ஒரு முறை பார்த்தவன், பிசகாமல் செய்தான். ஒட்டிக்கொண்டே பேசினான்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ஒரே யோசனைதான். யாரோ சொல்லியிருக்கான்டா என் கையைப் பத்தி. யார் கவனிச்சிருப்பான்னு எல்லாரையும் சந்தேகப்பட்டேன். சமையல்ல இருக்கிறவனை, அந்த குவபதா அம்மாவை, நம்ம வாத்தியாரம்மாவைக்கூட. அப்பறம் எனக்கே கேவலமாப் போச்சு. உன்னை ஒருத்தனைத்தான் சந்தேகப்படல."

மகிதானியின் கண்முன்னால் அந்தக் கை பட்டியை நீவிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லாமலே விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னும் மூன்று மணி நேரத்தில் ஆட்டம். சயோரி அரங்கத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். இதையெல்லாம் அவன் நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

"தோகோனாமிகிட்ட சொன்னது நான்தான்."

நீவிய கை நின்றது.

"என் விரலைப் பத்தி நீதான் வெளியில சொல்றேன்னு நினைச்சேன். அதனால சொன்னேன். அவன் எங்க போய்ச் சொல்லுவான்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

இனோசே நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே யாரோ கோதாவைப் பெருக்கும் துடைப்பச் சத்தம். அடிப்பான், அடித்தால் நிம்மதியாக இருக்கும் என்று மகிதானி காத்திருந்தான். இனோசே மிச்சமிருந்த பட்டியை எடுத்து இரண்டாவது சுற்றைப் போட்டான், கட்டைவிரலால் அழுத்தினான், ஒட்டியதா என்று பார்த்தான்.

"போய் ஜெயிச்சிட்டு வா," என்றான். "நீ தோத்துட்டேன்னா என் கை சும்மா போனதாயிடும்."

பட்டிச் சுருளை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

அன்று மகிதானி ஜெயித்தான். எப்படி ஜெயித்தான் என்று அவனைக் கேட்டால் தெரியாது. எதிராளியின் தோள் நெஞ்சில் மோதியதும், வலது விரல் களிமண்ணைக் கவ்வியதும், எதிரில் ஒருவரும் இல்லாததும் நினைவிருக்கிறது. மேல்வரிசையில் சயோரி எழுந்து நின்று இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆசைப்பட்டது முழுசாகக் கையில் வந்து விழுந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை பட்டியல் வந்தது, அவன் பெயர் ஜூர்யோவில் இருந்தது. சயோரி செந்தாய்க்குப் போகவில்லை என்று கடையில் சொல்லிவிட்டாள். குவபதா அம்மாள் கட்டை அவிழ்த்துவிட்டு, தரையில் துண்டை விரித்துக் கால் விரலால் சுருட்டி இழுக்கச் சொன்னார், நாளுக்கு ஐம்பது தடவை. ஆறு வாரத்தில் விரல் பழையபடி ஆகிவிடும் என்றார். ஆனது.

வாத்தியார் கூடத்தில் மொத்தமே ஏழு பேர். புது ஜூர்யோவுக்குப் பணிவிடைக்கு ஆள் வேண்டும் என்றபோது, கோதாவில் ஏற முடியாமல் இருப்பவன் ஒருவன்தான் இருந்தான். "இனோசே, நீ பாத்துக்கோ. ஒரு கையால முடிஞ்சதைச் செய். சின்ன வயசுலேருந்து சிநேகிதங்க, கஷ்டமா இருக்காது," என்றார் வாத்தியார். இனோசே "சரிங்க" என்றான். மகிதானி வாயைத் திறந்தான், காரணம் சொல்ல வேண்டியிருக்குமே என்று மூடிக்கொண்டான்.

அறுவை முடிந்து தையல் பிரித்த வாரம், ஒன்பது வருடமாகப் பக்கத்தில் கிடந்த இரண்டு பாய்களில் ஒன்றைச் சுருட்டி, இனோசே வலது தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினான். தனி அறையில் விரித்தான். தலையணையைத் தட்டி வைத்தான். பட்டுக் கச்சையை மடித்து அலமாரியில் வைத்தான். வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"வேற ஏதாவது வேணுங்களா, அண்ணே?"

மகிதானி அவன் பக்கம் திரும்பினான். "டேய், என்னடா இது? நமக்குள்ள எதுக்குடா? எப்பவும் போல கூப்பிடு. திட்டு. ஏதாவது சொல்லுடா."

"மேல் படிக்காரங்களை அப்படிக் கூப்பிடற வழக்கம் இல்லைங்களே," என்றான் இனோசே. குரலில் கோபம் துளியும் இல்லை. மகிதானி அதைத் தேடித் தேடிப் பார்த்தான். "காலையில ஆறு மணிக்கு வந்து எழுப்பறேன்."

குனிந்து வணங்கிவிட்டு, நல்ல கையால் கதவை மெதுவாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனான்.